இடி மழை இரகசியமாக இருந்த காலம்

1. சந்தேகம் தொடங்கிய காலை

யுத்த காலம். நான் கொழும்பில் வானிலை ஆபீசில் கிளார்க். பல ஊர் ஸ்டேஷன்களிலிருந்து தந்தியில் வரும் காற்று, வெப்பம், மழைக் கணக்குகளைச் சார்ட்டில் குறிப்பது என் வேலை. அதைப் பார்த்துப் பெரிய துரை அன்றைய முன்னறிவிப்பை எழுதுவார். நான் டைப் அடிப்பேன். துரை அதை உறையில் போட்டு, தானே கார் ஓட்டிக்கொண்டு துறைமுகத்து நேவிக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவார். எதிரி விமானங்களுக்கு உதவும் என்று பேப்பரில் வானிலை போடுவதை நிறுத்தியிருந்தார்கள். நாளைக்கு மழையா என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் பதில் சொல்வதே குற்றம்.

பங்குனி, சித்திரை மாதங்களில்தான் பெரிய சங்கடம். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், வெக்கை நாளுக்கு நாள் ஏறும். சில நாள் மத்தியானத்துக்குப் பிறகு மலைப் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்து மேற்குக் கரை முழுவதும் இடித்துக் கொட்டும். சில நாள் ஒரு துளியும் விழாது. காலையில் வெளியே நின்று பார்ப்பவனுக்கு எந்த நாள் எது என்று தெரியாது.

ஒரு காலை துரை என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உன்னுடைய சொந்தக்காரர் யாராவது துறைமுகத்தில் இருக்கிறார்களா?" என்று இங்கிலிஷில் கேட்டார்.

"அக்காவின் கணவர் இருக்கிறார், சேர். கொட்டாஞ்சேனையில் வீடு. கப்பலிலிருந்து மாவு மூடை இறக்கும் படகுகள் வைத்திருக்கிறார்."

"அந்தப் படகுகள் நாம் இடி என்று எழுதும் நாளில் மட்டும் படங்கு கட்டிக்கொண்டு போகின்றன. மற்ற நாளில் கட்டுவதில்லை. நேவிக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள்."

மழைக்கு மாவை மூடும் படங்கை எல்லா நாளும் கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். வெயிலில் மூடி வைத்தால் மாவு புழுங்கிக் கட்டிப்படும். ஆகவே யாரோ அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். துரையின் கண் அந்த யாரோ நீதான் என்றது. வேலை போவது ஒரு புறம். யுத்த காலத்தில் இப்படிப்பட்ட குற்றத்துக்கு மறியலில் போட்டு அடைத்துவிடுவார்கள்.

2. எல்லோரும் கள்ளர்

அதன் பிறகு நான் மனுசனாக இருக்கவில்லை. வெள்ளவத்தையில் நான் இருந்த லொட்ஜில் யாரோடும் கதைப்பதில்லை. வெயிலோ மழையோ, தினமும் குடையோடு போனேன். எடுக்காத குடையும் ஒரு சேதி சொல்லிவிடுமே என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். "என்ன தம்பி, முகம் கறுத்துப் போச்சு?" என்று அக்கா கேட்டால், இது வானத்தைப் பற்றிய விசாரணையோ என்று எனக்குள் ஓடும். அத்தான் சும்மா முற்றத்தில் நின்று என்னைப் பார்த்தாலும் கள்ளப் பார்வையாகவே தெரிந்தது. என் சட்டைப்பையைத் துழாவியிருப்பாரோ? உண்மையைச் சொல்கிறேன், அந்த நல்ல மனுசனை நான் அப்போது வெறுத்தேன்.

துரை ஒரு சோதனை வைத்தார். ஒரு நாள் என்னை டைப் அடிக்க விடாமல், தானே எழுதித் தானே அடித்து உறையில் போட்டார். அன்றும் படகுகள் படங்கோடு போயின. அன்றும் மழை கொட்டியது. அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன். துரையோ, "சார்ட்டைக் குறித்தவன் நீதானே? அதைப் பார்த்தே நீ ஊகித்திருப்பாய்" என்றார்.

இதற்கு மேல் என்ன செய்வது?

3. காசிம் நானா சொன்னது

நேரே ஜெட்டிக்குப் போனேன். அத்தானின் படகுகளுக்குத் தண்டல், படகாட்களுக்குத் தலைவர், காசிம் நானா. அவர் சொன்னால்தான் படகு நகரும். ஓரமாக அழைத்துப்போய், படங்கு கட்டும் நாளை யார் சொல்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது பெரிய மாயமா தம்பி? உங்கட தொர காலைல இந்த ரோட்டாலதானே போற. காருக்கு மேல துணி ஹூட் போட்டீந்தா நாங்களும் படங்கு போடுற. ஹூட்ட மடிச்சிட்டு காத்து வாங்கிட்டுப் போனா போடுறல்ல. வானத்துல ஒரு மேகமும் இல்லாத நேரம் ஹூட் போட்டா, அவருக்கு என்னமோ தெரியும்தானே?"

அத்தானுக்கும் இது தெரியாது. நானா தன்பாட்டில் செய்துவந்த வேலை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உறைக்கு முத்திரை வைத்த மனுசன் காருக்கு வைக்கவில்லை. ஆனால் இதைத் துரையிடம் எப்படிச் சொல்வது? படகுக்காரரோடு உனக்கு என்ன கதை என்று அதையும் என் தலையில் கட்டுவார். கடைசியில் துணிந்து சொன்னேன். "சேர், இடி என்று எழுதும் அடுத்த நாளில் மட்டும் ஹூட்டை மடித்துவிட்டுப் போங்கள். படகுகளைப் பாருங்கள்."

"சரி" என்றார் துரை.

4. அந்த நாள்

"வெப்பம் கூடும். பிற்பகலில் மேற்கு, தென்மேற்குக் கரையோரம் கடும் இடி மழை." இதை டைப் அடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று அத்தானின் மாவு திறந்து கிடக்கும். புத்தி கெட்டவன், ஹூட்டை நினைத்தேனே தவிர மாவை நினைக்கவில்லை. ஓடிப்போய்ச் சொன்னால், நான்தான் கள்ளன் என்று ஒப்புக்கொண்டது போலாகும். துரை காரில் ஏறினார். ஹூட் மடிந்திருந்தது. கதிரையில் உட்கார்ந்தபடி மத்தியானம் வரை வானத்தையே பார்த்தேன். இன்றைக்கு மட்டும் முன்னறிவிப்புப் பிழையாகட்டும் என்று வேண்டினேன்.

பிழையாகவில்லை. மூடைகள் படகிலேயே நனைந்து களியாகின.

துரை வந்து, "நீ சொன்னது சரி. இனி எந்த நாளும் ஹூட் போட்டிருக்கும்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

அத்தானின் கொன்ட்ராக்ட் போய்விட்டது. அன்று பின்னேரம் நான் போனபோது அக்கா அழுதுகொண்டிருந்தா. அத்தான் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"மச்சான், இண்டைக்கு மழை எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஆபீஸ் விசயம் கதைக்க ஏலாது, அத்தான்."

"ஓம்" என்றார். அதற்குள் எல்லாம் விளங்கிக்கொண்டார்.

ஆபீசில் தங்களைச் சந்தேகப்பட்டால் ஆதாரம் காட்டித் தப்பிவிடலாம் என்று இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். காட்டுங்கள். ஆனால் அந்த ஆதாரம் யாருடைய தலையில் விழப்போகிறது என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்து, பேப்பரில் மறுபடியும் வானிலை வரத் தொடங்கியது. அத்தான் எப்படியோ ஒற்றைப் படகோடு திரும்பத் தொழில் தொடங்கியிருந்தார். ஒரு சித்திரைக் காலை நானே ஜெட்டிக்குப் போய், "அத்தான், பின்னேரம் இடி மழை வரும், படங்கைக் கட்டுங்கோ" என்றேன்.

"அப்பிடியோ" என்றார், மரியாதையாக. பிறகு என்னைத் தாண்டிப் பார்த்து, "நானா, நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார்.