அம்மா இருந்த உபவாசம்

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். என் அம்மா பொய் சொன்னாள் என்று எழுதவேண்டி வருமே என்ற பயம்தான். எங்கள் சபையில் இன்றைக்கும் அவளுடைய உபவாசத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்கள். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். பென்னலூர் பக்கம் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த மே மாத லீவில், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க கொரியாவிலிருந்து ஓர் ஊழியக் குழு எங்கள் சபைக்கு வந்தது. வந்தவர்களை யார் வீட்டில் தங்கவைப்பது என்று பாஸ்டர் ஐயா ஆராதனையில் கேட்டார். முதல் ஆளாக அம்மா கையைத் தூக்கினாள். குழுவில் ஓர் இளம்பெண்ணை எங்கள் வீட்டுக்கு ஒதுக்கினார்கள். பக்கத்து வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுபோய், அப்பாவைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதை வெளியே மூச்சு விடக் கூடாது என்று எனக்கும் தம்பிக்கும் உத்தரவு.

"கைய தூக்கிட்டியே, அரிசிப் பானைய எட்டிப் பாத்தியா?" என்று வழியெல்லாம் அப்பா முணுமுணுத்தார்.

"கர்த்தர் பாத்துப்பாரு. ஊரு வுட்டு ஊரு வந்துகீது அந்தப் பொண்ணு. ரோட்லயா படுக்கும்?"

எங்களிடம் இருந்த ஒரே கட்டில் அந்தக் கொரியா அக்காவுக்குப் போனது.

ராத்திரி எங்களோடு தரையில் உட்கார்ந்து, காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார் அக்கா. சாப்பிட்டுக் காலித் தட்டை அம்மாவிடம் காட்டிச் சிரிப்பார். தட்டு காலியானால் நம் வீட்டில் என்ன செய்வோம்? இன்னொரு கரண்டி போடுவோம். அம்மா போடுவாள். அதையும் துடைத்துச் சாப்பிட்டுக் காட்டுவார். மீதி வைத்தால் சமைத்தவர் மனம் நோகும் என்று வளர்ந்தவர் அவர். பின்னாளில் ஒரு கொரியக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

"இவ்ளோ ஒல்லியா கீறாங்க, சோறு எங்கம்மா போவுது?" என்றான் தம்பி.

அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "கண்ணு வெக்காதடா. துண்ணட்டும்."

கரண்டி பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கும். "நீ துண்ணலியாம்மா?" என்பேன்.

"எனக்கு உபவாசம்டி. இவங்க ஊழியத்துக்காக."

எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் வகுப்பில் அக்கா, அவரவர் அம்மாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். எல்லாரும் குட் என்றும் குக்கிங் என்றும் சொன்னார்கள். நான் மட்டும் மொழிபெயர்க்க வந்த அண்ணனிடம் போய், "உபவாசத்துக்கு இங்கிலீஷ்ல இன்னாண்ணா?" என்று கேட்டு வந்து, எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்: "மை மதர் ஈஸ் ஃபாஸ்டிங். எவ்ரி டே."

அக்கா கை தட்டவில்லை. "எவ்ரி டே?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன். வெகுநேரம் என்னையே பார்த்தார். என் இங்கிலீஷைக் கேட்டு அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "ஃபாஸ்டிங்" என்றார்.

"இன்னாடி சொல்லுது?"

"அவங்களுக்கும் உபவாசமாம்மா."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். பிறகு குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்புகூட சரியாத்தானே கீது?"

பானையில் சோறு மீந்தது. அம்மா அதைத் தொடாமல் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் பார்த்தேன். அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அந்தச் சோற்றை வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உபவாசம் இல்லியாம்மா?"

"முடிஞ்சிபோச்சிடி" என்றாள், திரும்பாமலே.

அடுத்த ராத்திரியும் அக்கா தட்டை மூடினார். அதற்கு மறுநாள் பாஸ்டர் ஐயா வந்து, அக்கா இனி தம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அழைத்துப்போனார். போகும்போது அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா மரம் மாதிரி நின்றாள்.

"நம்ம சோறு புடிக்கல அதுக்கு. கேட்டுக்கினு பூடுச்சு" என்றாள் அப்பாவிடம். சாகும்வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "என் கைச் சமையல் ஒத்துக்குமோ, இன்னாவோ" என்று சொல்லித்தான் பரிமாறுவாள். அவள் அடக்க ஆராதனையில், அயல்நாட்டு ஊழியத்துக்காக உபவாசித்த தாய் என்று பாஸ்டர் ஐயா சாட்சி சொன்னார். எல்லாரோடும் சேர்ந்து நானும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிறகு என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லைனும் நின்றது. ஒரு ராத்திரி பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுப் பானையைப் பார்த்தேன். "எனக்கு உபவாசம், நீங்க துண்ணுங்க" என்று என் வாய் தானாகச் சொன்னது. "எதுக்காகம்மா உபவாசம்?" என்றாள் பெரியவள். கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கொரியா அக்கா அன்றைக்கு ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகச் சொன்ன எனக்கு, நான் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அம்மாவிடம் சொல்ல அம்மாதான் இல்லை.

வாசிக்கிறவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், தயவுசெய்து உபவாச சாட்சியாக மாற்றிவிடாதீர்கள். என் அம்மா பசியோடு இருந்தாள் என்றே சொல்லுங்கள். அவள் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது என்பதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.