எக்ஸ் பார்ட்டே: அம்மாவைக் கேட்காமல் சொன்ன தீர்ப்பு

மன்னிக்கவும்... இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுவதைப் படித்து லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவள் நான். இன்று ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏரிச் சேற்றின் வாசனை... அம்மாவுக்கு முன்னால் அதுதான் வீட்டுக்குள் வரும். இடுப்பளவுத் தண்ணீரில், பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள்.

டிகிரி முடித்துப் பொன்னேரியில் ஒரு வக்கீல் மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் வீட்டுக்கு வந்தால் அந்த வாசனையே இல்லை. கூடை காய்ந்து கிடந்தது.

"இன்னாம்மா, எறங்கலியா?"

"முகத்துவாரத்துப் பக்கம் பொம்பளைங்க எறங்கக் கூடாதுன்னு கூட்டத்துல சொல்லிட்டாங்க. நாங்க கலக்குறதால வலைக்கு இறால் வரலியாம்."

"உங்கள கேட்டாங்களா?"

"நம்மள யாரு கேக்குறது?"

அப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. சொல்ல வேண்டியதை வீட்டு ஆண்களிடம் சொல்லி அனுப்புவார்கள். நைனா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அதற்கு ஆளில்லை. அம்மாவுக்கு அந்தக் கூடையை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை.

அதே வாரம் கோர்ட்டில் ஒருவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. "எக்ஸ் பார்ட்டே" என்றார் ஜட்ஜ். வெளியே வந்ததும் தயங்கித் தயங்கி மேடத்திடம் அதற்கு அர்த்தம் கேட்டேன்.

"லத்தீன்மா. எக்ஸ்னா 'இருந்து'. பார்ட்டேன்னா 'பக்கம்'. ஒரு பக்கத்துலேருந்து மட்டும் கேட்டது."

"அப்போ வராதவர் தோத்துட்டாரா மேடம்?"

"ஏன் வரலைங்கிறதுக்குச் சரியான காரணம் இருந்தா, என்னையும் கேளுங்கன்னு மனு போடலாம். ஒத்துக்கிட்டா மறுபடி விசாரிப்பாங்க."

பழவேற்காட்டுக்காரிக்கு லத்தீன் என்றால் டச்சுக் கல்லறைதான். அங்கே சில கற்களில் அந்த மொழி இருக்கிறது என்பார்கள். செத்தவர்களோடு புதைந்துபோன பேச்சு என்று நினைத்திருந்தேன். அதற்குள் எங்கள் அம்மாவுக்கு ஒரு வழி இருந்தது...

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுத்த கூட்டத்துக்குத் தன்னோடு இறங்கும் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் கூடவே போனேன்.

"இன்னாக்கா, பொண்ணு வக்கீல் ஆபீஸ் போனதும் நீ கோர்ட்டு நடத்த வந்துட்டியா?" என்றார் ஒரு வலைக்காரர். ஒரே சிரிப்பு.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மற்றப் பெண்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவளே முன்னால் போனாள்.

"வாயில பறிக் கயிறு இருக்கசொல்லதான்பா நான் பேசமாட்டேன். இப்ப கேளு. வலை கட்டுன எடத்துல நாங்க கால வெக்கிறது இல்ல. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போம். கேக்காம தீர்ப்பு சொல்லிட்டீங்க. திரும்பப் பேசுங்க."

சிரிப்பு அடங்கியது. தலைவர் வலைக்காரர்களோடு கொஞ்சம் குசுகுசுத்துவிட்டு, "செரி... வலை எடுத்தப்புறம் எறங்கிக்கோங்க" என்றார்.

முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் வீட்டில் சேற்று வாசனை இருந்தது.

அன்றுவரை கூட்டத்தில் பெண்கள் நிற்கவே இடமில்லை. இப்போது ஓரமாக நிற்கலாம். உட்காருங்கள் என்று மட்டும் இன்னும் யாரும் சொல்வதில்லை. அதுவும் வரும் என்றுதான் தோன்றுகிறது.

இதையெல்லாம் எழுதியது ஒன்று கேட்கத்தான்... ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முகத்துவாரத்தைப் பற்றி மறுபடியும் பேசப்போகிறார்களாம். இந்தக் குழுவில் இருக்கும் நம்மூர் அண்ணன்களே, வரும்போது உங்கள் வீட்டில் ஏரிக்கு இறங்கும் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாய் நான் கொண்டுவருகிறேன்.