ஃபில்டரில் இறங்காத சாக்லேட்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் சரம்சரமாய்த் தொங்கிய சாக்லேட் பானத்தூள் பொட்டலம் ஒன்றை நேற்று வாங்கிக் கிழித்தேன். வாசனை மூக்கிலேறியதும் கை நின்றுவிட்டது. பொட்டலத்தை முகர்ந்தபடி நின்ற நரைத்த ஆளைக் கடைக்காரர் என்ன நினைத்தாரோ.

எழுபதுகளில் இதே பானம் தகர டப்பாவில் வந்தது. மூடியை ஸ்பூன் காம்பால் நெம்ப வேண்டும். வந்தது என்றா சொன்னேன்? எங்கள் தெருவுக்கு அது வாரப்பத்திரிகை விளம்பரமாகத்தான் வந்தது; கப்பும் கையுமாகச் சிரிக்கும் கொழுகொழுப் பிள்ளைகள். முதல் டப்பா நிஜமாக வந்தது சாந்தி அக்காவுக்காக.

அக்கா ஓடுவாள். பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் வெள்ளை மண் படிந்த பாதையில் ஓடிவிட்டு, முட்டிவரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வருவாள். அப்பாவுக்குப் பிடிக்காது. "இந்த வாட்டி போட்டியில ஜெயிக்கலன்னா ஓட்டத்த வுட்டுடு. வயசுப் பொண்ணு ஓடுறத ஊரே பாக்குது" என்று சொல்லிவிட்டார். அம்மா வாதாடவில்லை. ரயில்வேயிலிருந்த மாமாவிடம் சொல்லி மெட்ராஸிலிருந்து டப்பாவை வரவழைத்தாள்.

போட்டியன்று காலையில் திறந்தோம். காபித்தூள் நிறத்தில் ஒரு தூள். அம்மா வேறென்ன செய்வாள்? பித்தளை ஃபில்டரில் போட்டு, அமுக்கி, கொதிநீர் ஊற்றி மூடினாள். காத்திருந்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஃபில்டரின் மண்டையில் தட்டினாள், காதுவைத்துக் கேட்டாள். திறந்தால் மேலே களி! பீங்கான் பட்டறையில் அச்சில் ஊற்றும் சேறேதான். மணம் மட்டும் சொர்க்கம்.

"எறங்கலன்னா என்னா, சத்தெல்லாம் மேலயே நிக்குது. வாயத் தொற" என்று அம்மா ஊட்டினாள். ஸ்பூனை நக்கும் பொறுப்பு எனக்கு.

பழுப்புப் பற்களோடு அக்கா கோட்டில் நின்றாள். கடைசி வளைவுவரை நெய்வேலிப் பெண் ஒருத்தி முன்னால். வளைவில் அக்கா... ஓடினாள் என்றெழுத மனம் வரவில்லை, காற்று அவளைத் தூக்கிக்கொண்டது. கயிறு அவள் நெஞ்சில்தான் பட்டது. வரவே மாட்டேன் என்றிருந்த அப்பா வேலிக்கு வெளியிலிருந்து சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "எம் பொண்ணுதாங்க, எம் பொண்ணு" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்புறம் தெருவே டப்பா வாங்கியது. பாலில் கலக்கச் சொல்லி டப்பாவிலேயே படம் இருந்தது, யார் பார்த்தார்கள்? எதிர்வீட்டு அத்தை வந்து, "ஃபில்டர்ல எம்மா நேரம் வுடணும் அண்ணி?" என்று கேட்டாள்.

"எறங்காத வரைக்கும்" என்றாள் அம்மா, ராஜவைத்தியர் தோரணையில்.

தகர டப்பா போயிற்று. கண்ணாடி பாட்டில் வந்து அதுவும் போயிற்று. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்று, ஓடும் பெண்களை வீட்டுக்கு அதட்டிக் கூப்பிடும் அப்பாக்களும் போனார்கள். அந்த வாசலிலிருந்து முதலில் காணாமற்போனவர் எங்கள் அப்பாதான். அக்கா ஜெயித்ததற்கு அடுத்த வருஷமே அவர் மைதானத்துக்குள் நின்றார், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு சுத்தும்மா" என்று.