ஏரிக்கு இந்தப் பக்கம் ஜெயராணி

இல்லை, இன்னும் போகவில்லை. செருப்பு தயாராகத்தான் இருக்கிறது. ஏரியும் அங்கேயேதான் இருக்கிறது. நான்தான் கரையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஜெயராணி அக்காவின் அடக்கத்தன்று அவர் மகள் கேட்டபோதும் இதே பதிலைத்தான் சொன்னேன். விழுப்புரத்திலிருந்து காலையில் கிளம்பும் பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில் வருகிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். ஜெயராணி அக்காவும் நானும் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கைபேசியில், திண்டிவனம் வரும்வரை விளையாடியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சிலர் சிரித்தீர்கள். அவரை வேறு இடங்களில் அறிந்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

செய்தி விளையாட்டுக்குள்தான் வந்தது.

அந்த விளையாட்டில் ஒருவர் இணைப்பில் இல்லாதபோது, அவருடைய உருவம் விட்ட இடத்திலேயே உட்கார்ந்து தூங்கும். அக்காவின் உருவம் ஏரிக்கரையில், கோரைப்புல் ஓரம், மூட்டையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை அது எழுந்தது. எனக்குச் சந்தோஷம். பிறகு அது நடந்தது. மரத்தில் மோதியது. திரும்பிப் பாறையில் மோதியது. தண்ணீரில் இறங்கப் பார்த்துப் பின்வாங்கியது. அக்கா அப்படி நடக்கமாட்டார். யாரோ அவருடைய உடம்புக்குள் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

உருவத்தின் தலைக்குமேல் எழுத்துகள் வந்தன. "அக்கா நான் ஸ்டெல்லா. அம்மா விடியக்காலைல போயிட்டாங்க."

ஸ்டெல்லா அவருடைய மகள். புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். இந்த விளையாட்டை அவள் தொட்டதே இல்லை. அம்மாவின் கைபேசியில் என் எண் எந்தப் பெயரில் பதிவாகியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவோடு இதற்குள் ஒருத்தி எப்போதும் இருப்பாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. என்னைத் தேடி உள்ளே வந்திருக்கிறாள்.

நான் பதில் எழுதுவதற்குள் உருவம் மறுபடி உட்கார்ந்தது. தூங்கியது.

*

அக்காவிடம் நான் முதலில் பார்த்தது ஒரு விரலை. அப்போதுதான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். மாணவிகளும் ஏறும் ரயில் என்பதால் கைபேசியைப் புத்தகத்துக்குள் மறைத்து விளையாடினேன். எதிர் இருக்கையிலிருந்து ஒரு விரல் நீண்டு திரையைத் தட்டியது.

"அந்தக் கத்திய மாத்து. மொக்கக் கத்தி."

நிமிர்ந்தேன். பொட்டில்லாத பெரிய நெற்றி. கழுத்தில் சின்னச் சிலுவை. மடியில் டிபன் பை.

"நீங்களும் ஆடறீங்களா?"

"பின்ன? லாரி வர்ற வரைக்கும் நான் இன்னா பண்றது, ஈ ஓட்டறதா?"

நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடை ஒன்றில் அவருக்கு வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பார். ஒருநாள் கல்லூரி சீக்கிரம் முடிந்ததால் போய்ப் பார்த்தேன். மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரி; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. அக்கா மைக்கைப் பிடித்தார்.

"டிரைவரண்ணா, கொஞ்சம் எறங்குங்க. உங்களையும் சேத்தா விக்கப் போறீங்க?"

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "என்னை யாரும்மா வாங்குவாங்க?"

"அதான் சொல்றேன். எறங்குங்க."

ஊரார் சுமையை அளந்தவர் தன் சுமையைப் பார்க்கமாட்டார். விளையாட்டில் எது கிடந்தாலும் எடுத்துக்கொள்வார். உடைந்த பானை, ஓநாய்த் தோல், சக்கரத்தின் பாதி, யாரோ விட்டுப்போன கரண்டி. மூட்டை நிறைந்தால் உருவத்தின் நடை தளரும். நான் ஒவ்வொரு வளைவிலும் நின்று காத்திருப்பேன்.

"அந்தப் பானையைக் கீழே போடுங்கக்கா. ஜல்தி. இருட்டப் போவுது."

"நான் பாட்டுக்கு வந்துகினுதானே இருக்கறேன்? நீ முன்னாடி போய் நில்லு. அது எங்கியும் ஓடிடாது."

எது ஓடிவிடாது என்று சொல்லமாட்டார். காட்டில் புகைபோல வெளிச்சம் இறங்கும். அவர் மெதுவாக வளைவில் தெரிவார். ஜன்னலுக்கு வெளியே மயிலம் மலை திரும்பிக்கொண்டிருக்கும். இரண்டில் எதற்குள் இருக்கிறேன் என்று சில காலைகளில் எனக்குத் தெளிவாக இருந்ததில்லை.

*

செருப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

விளையாட்டில் எல்லோரும் சாதாரணத் தோல் செருப்போடு தொடங்குவார்கள். கொல்லன் பட்டறையில் ஏரிக்கல் என்று ஒன்றைக் கொடுத்தால் செருப்பின் அடிப்பாகம் நீலமாகும். அதன்பிறகு தண்ணீர்மேல் நடக்கலாம். ஏரியைக் கடக்க வேறு வழி கிடையாது. படகு இல்லை, சுற்றுவழி இல்லை. அக்கரை எப்போதும் பனிக்குள் இருக்கும்.

ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கல்லைத் தேடினோம். விக்கிரவாண்டி தாண்டிய ஒரு காலையில், கிணற்றுக்குள்ளிருந்த மிருகம் செத்து, கல் கிடைத்தது. அக்கா போட்ட கத்தலில் பெட்டியே எழுந்து நின்றது. அவித்த மல்லாட்டை விற்கும் விஜயா கூடையோடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா, செயின அறுத்துட்டானா?"

"கல்லு கெடச்சிடுச்சி விஜயா!"

"கிட்னியிலயா?"

அன்று எல்லோருக்கும் அக்கா மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். யாருக்கும் எதற்கென்று தெரியாது. எல்லோரும் தின்றோம்.

கல் ஒன்று. செருப்பு இரண்டு ஜோடி. கொல்லன் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கையும் சொன்னான். அக்கா திரையை என்னிடம் நீட்டினார். இருவரில் ஒருவர் மட்டும் ஏரியைக் கடந்தால் கூட்டு கலைந்துவிடும் என்கிறான் என்றேன்.

"கலைஞ்சா?"

"நான் உங்களைப் பாக்க முடியாது. நீங்க என்னைப் பாக்க முடியாது. திரும்பச் சேர முடியாது."

"இது இன்னாடி பேஜாரு." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பேரணி நிலையத்தில் யாரும் ஏறவில்லை. "சரி, நீ போட்டுக்கோ."

"நீங்க போடுங்க."

"என்னைப் பாரு. ஓவர்லோடு. நடு ஏரியில உக்காந்துடுவேன்."

ஹோட்டலில் பில்லுக்குச் சண்டை போடுகிறவர்களைப் போல நாங்கள் பல நாள் அந்தக் கல்லுக்காகச் சண்டை போட்டோம், எடுத்துக்கொள்ள அல்ல, எடுத்துக்கொள்ளாமல் இருக்க. கல் பொதுப் பெட்டியில் கிடந்தது. மாலை ரயிலில் கரையில் போய் நிற்போம். பனி நகரும். எதிரே ஏதோ இருப்பதுபோல ஒரு கறுப்பு.

"அந்தாண்ட இன்னா இருக்கும்?"

"தெரியலையே."

"இன்னா படிச்ச நீ?"

*

பிறகு அவர் இருக்கை காலியானது. வயிற்றில் சின்னக் கட்டி என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து காலையில் சரியாக இணைப்புக்கு வந்துவிடுவார். ரயில் சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகப் போனும் செய்வார். "முண்டியம்பாக்கம் வந்துச்சா?" என்று கேட்பார். வந்தது என்றால் சரி என்பார். அவ்வளவுதான்.

ஒரு காலை விளையாட்டைத் திறந்தேன். என் காலடியில் வெளிச்சம். செருப்பின் அடி நீலம். கூட்டாளியின் செருப்புக்கும் கல்லைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியாது. அவர் கண்டுபிடித்திருக்கிறார். உடனே கூப்பிட்டேன்.

"என்னக்கா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்?"

"செருப்பு நீலமா இருக்கு."

"நல்லா இருக்குதா?"

"அக்கா!"

"கத்தாதடி, ஊசி போட வந்துட்டாங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு."

"நீங்க வாங்க. இன்னொரு கல்லு எடுப்போம். சேர்ந்தே போவோம்."

அந்தப் பக்கம் ஏதோ சக்கரம் உருளும் சத்தம். யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் இல்லை.

"சரி, இரு. வர்றேன்."

நான் நம்பினேன். அவரும் நம்பினாரா என்று கேட்க இனி ஆள் இல்லை.

*

ஒலக்கூர்ப் பக்கம் அவருடைய சொந்த ஊர். சர்ச்சுக்குப் பின்னால், வேலியை ஒட்டி, கல்லறைத் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் கேப்பை கதிர் முற்றி நின்றது. அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் போனீங்களாக்கா? இன்னா இருக்குதுன்னு அம்மா கேட்டுக்கினே இருந்தாங்க. மருந்து மயக்கத்துல ஏதோ பேசறாங்கன்னு நெனச்சேன்."

இல்லை, இன்னும் போகவில்லை என்றேன்.

போகலாம். போனால் கூட்டு கலையும். கோரைப்புல் ஓரம் மூட்டையில் சாய்ந்து தூங்கும் அந்த உருவம் என் திரையில் மறுபடி வராது. போகாவிட்டால் அது அங்கேயே இருக்கும். காலையில் வெயில்படும். மழையில் நனையும். தோள் லேசாக ஏறி இறங்கும். அப்படிச் செய்யப்பட்ட உருவம் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும், அடக்கத்துக்குப் பிறகு தினமும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

விஜயா ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு என் திரையைப் பார்த்தார்.

"இதான் அந்தம்மாவா?"

"ஆமாங்க."

"தூங்குதே."

"நான் தண்ணியத் தாண்டிட்டா போயிடுவாங்க."

"அதான் போயிட்டாங்களேம்மா." கொஞ்சம் யோசித்தார். "தாண்டச் சொன்னது யாரு?"

"அவங்கதான்."

"அப்ப அந்தம்மா தெரிஞ்சிதான சொல்லிச்சி?"

அவர் ஒரு கை மல்லாட்டையை என் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். காசு வாங்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நீலச் செருப்பு என்று நினைத்திருந்தேன். இதை எழுதும்போது அப்படித் தோன்றவில்லை. எனக்கு மிஞ்சியது அவருடைய நடைவேகம். நான் அவசரக்காரி. பாடத்தையும் அவசரமாக நடத்தியவள். நிறைய சுமந்துகொண்டு பின்னால் வரும் ஒருவருக்காக நின்று நின்று, என் நடை மாறிவிட்டது. வகுப்பில் கடைசி வரிசைப் பெண் எழுதி முடிக்கும்வரை நிற்கிறேன். ரயிலடிப் படிகளில் முன்னால் போகும் ஆட்களை இடிப்பதில்லை. யாரும் பின்னால் வராத தெருவிலும் திருப்பத்தில் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். இது போகாது என்று நினைக்கிறேன். இதற்கு எந்தக் கரையும் தேவையில்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். நேற்றுக் காலை ரயிலில் விளையாட்டைத் திறந்தேன்.

தூங்குகிற உருவத்தின் பக்கத்தில் கொஞ்சம் நின்றேன். பிறகு தண்ணீரில் கால் வைத்தேன். மூழ்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்ன வளையம் எழுந்து விரிந்தது. கீழே மீன்கள் என் நிழலோடு வந்தன. ஜன்னலுக்கு வெளியே நிஜமான ஓர் ஏரி, மழைநீர் தளும்ப, ரயிலோடு கொஞ்சத் தூரம் ஓடிவந்து நின்றுவிட்டது. நடு ஏரியில் திரும்பிப் பார்த்தேன். கரை சின்னதாகி, அதில் ஒரு புள்ளி. பனி வந்தது. நடந்தேன்.

அக்கரையில் கால் பட்டதும் கூட்டு கலைந்தது என்று ஒரு வரி வந்து மறைந்தது.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வந்துவிட்டேன் என்றேன். தட்டு நகரும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா."

சரிவான கரை என்றேன். புல் இல்லை, மணல். ஒரு கொடியில் துணி காய்கிறது, மஞ்சளும் பச்சையும். வீட்டைக் காணோம்.

"அப்புறம்?"

ஒரு பாதை மேலே போகிறது. இரண்டு பக்கமும் ஏதோ பயிர், முழங்கால் உயரம். காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது.

"அப்புறம்?"

திண்டிவனம் வரும்வரை, கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னேன்.