யூத மந்திரிகளும் எங்கள் தெருவின் மூன்று ஓட்டும்

எழுபதுகளின் கடைசியில் எம்.ஏ. அரசியல் படித்தேன். எனக்கு வாய்த்த ஆய்வுத் தலைப்பு, மேல்நாடுகளின் மத்திய, மாகாண மந்திரிசபைகளில் இருந்த யூதர்கள். மதுரையில் ஒரு யூதரைக்கூட நான் பார்த்ததில்லை. என் பேராசிரியரும் பார்த்ததில்லை. தப்புக் கண்டுபிடிக்க ஆளில்லை என்பதால் தலைப்பு இருவருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது.

அதே சமயத்தில்தான் அப்பாவுக்கு கவுன்சிலர் ஆசை வந்தது. கோரிப்பாளையத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். தர்காவைச் சுற்றியுள்ள தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம்தான் லோயர், ஹையர் பாஸ் செய்தார்கள். கட்சி கிடையாது, சுயேச்சை.

பெரியப்பா வந்து கணக்குப் போட்டார். எங்கள் ஊரில் வேட்பாளர் யோக்கியனா என்று அப்புறம்தான் கேட்பார்கள். முதலில் கேட்பது அவன் ஆட்கள் எத்தனை வீடு என்று. வார்டில் எங்கள் ஆட்கள் மொத்தமும் எங்கள் ஒரே தெருவில், அறுபது வீடு. பத்தாது, பேசாமல் பிழைப்பைப் பார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆய்வேட்டைத் தூக்கிவந்து வாசித்தே காட்டினேன். சொற்பமான யூதர்கள் இருக்கிற நாட்டில் ஒரு யூதர் பிரதமர், இன்னோரிடத்தில் மாகாண நிதி மந்திரி, ஓட்டுப் போட்டதெல்லாம் மற்றவர்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். "எல்லாஞ் சரி தாயி. அவுக ஆளுகளாச்சும் அவுகளுக்குப் போட்டாகளா?"

நூற்றிருபது பக்கம் எழுதியவள் அந்தக் கணக்கை மட்டும் எடுத்திருக்கவில்லை. ஆனால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மனுத்தாக்கல் செய்துவிட்டார்.

ஓட்டுப்பதிவு அன்று அவரும் அம்மாவும் காலையிலேயே ஜோடியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். எனக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. மத்தியானம் போகலாம் என்று நூலகத்தில் உட்கார்ந்தவள், எவனோ ஒரு மேல்நாட்டு மந்திரியின் ராஜினாமாவில் மூழ்கிப்போனேன். திரும்பி வந்தபோது பூத்தை மூடிவிட்டார்கள். இன்ஸ்டிடியூட்டின் ஸ்டாம்ப் பேடில் விரலைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போன மகராசி நான்.

அப்பா தோற்றார். கொஞ்ச ஓட்டில்தான். தர்கா தெருக்காரர்கள் அள்ளிப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கென்றே தனியாக இருந்த பூத்தில் அவருக்கு விழுந்தது மூன்று ஓட்டு. அறுபது வீடும் ஆரத்தி எடுத்து, காப்பி கொடுத்து, ஓட்டை மட்டும் எதிராளிக்குக் குத்தியிருந்தது. பெரியப்பா கொஞ்சமும் கூசவில்லை. எப்படியும் தோற்கிறவனுக்குப் போட்டு வீணாக்குவானேன், ஜெயிக்கிறவனுக்குப் போட்டால் தெருக் குழாயில் தண்ணீராவது வரும் என்று நியாயம் சொன்னார். அறுபது வீட்டையும் கொளுத்தலாம் போலிருந்தது எனக்கு.

ஆட்கள் கலைந்ததும் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"மூணு ஓட்டும்மா. நானு, உங்கம்மா, நீயி. சொந்தத்துல ஒரு ஆளுக்குக்கூடவா என்மேல நம்பிக்கையில்ல?"

ஸ்டாம்ப் பேட் மை ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். அவரும் அம்மாவும் போட்டது இரண்டுதான். மூன்றாவது, அந்தத் தெருவில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டது. அதைச் சொன்னால் நான் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"ஆமாப்பா, ஒருத்தரும் போடல" என்றேன்.

அப்பா சாகும்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.