நான்தான் போட்டேன்

நான் ஒரு திருடி. ஒன்பது வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

நகையைத் திருடவில்லை. என் ஓரகத்தி விமலா வெள்ளை நூலில் குரோஷா ஊசியால் பின்னிய கிறிஸ்துமஸ் மேஜை விரிப்பை நான் பின்னியது என்று சொல்லிக்கொண்டேன். அதைக் காட்டி, அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

ஒரு மேஜை விரிப்புக்கா இந்தப் பீடிகை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல நாள் அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்... பலிக்கவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதுதான் மிச்சம்.

விமலா என் கணவரின் தம்பி மனைவி. திருமங்கலத்தில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். நாங்கள் நாகமலை புதுக்கோட்டையில் தனிக்குடித்தனம். விமலா நொட்டாங்கைக்காரி. எழுதுவது, காய் நறுக்குவது, தலை வாருவது எல்லாம் இடது கைதான். என் மாமியாருக்கு அது ஆகாது. மற்றபடி கெட்டவர் இல்லை. ஆனால் யாராவது இடது கையால் தண்ணீர் ஊற்றிவிட்டால் அந்த டம்ளரை அப்படியே தள்ளி வைத்துவிடுவார்.

"சோத்துக்கையால ஊத்து தாயி," என்பார். விமலா கையை மாற்றிக்கொள்வாள். மேஜையில் கொஞ்சம் சிந்தும். அதற்கும் ஒரு பேச்சு இருக்கும்.

அதனால் மாமியார் கண்ணில் படும்படி அவள் குரோஷா ஊசியை எடுத்ததே இல்லை. மதியம் அவர் கண்ணயரும் நேரத்தில், பின்பக்கம் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பின்னுவாள். அந்த வீட்டில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கோடையில் நான் அங்கே தங்கியிருந்தபோது எனக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

"பக்கத்துல உக்காராதீகக்கா, எதுக்க உக்காருங்க. என் நொட்டாங்கை செய்யிறத உங்க சோத்துக்கை செய்யட்டும். கண்ணாடி பாக்குற மாதிரி."

நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். ஒரே வாரத்தில் சங்கிலியும் சின்ன வட்டமும் போடப் பழகிவிட்டேன். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. ஊசியை அவளிடமே கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

திருமங்கலம் வீட்டில் ஒரு பெரிய டைனிங் டேபிள் உண்டு. மாமனார் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. வருடம் முழுக்க அதன் மேல் மாத்திரை டப்பாவும் கரண்ட் பில்லும் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும் கிடக்கும். கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள்தான் அது சாப்பாட்டு மேஜை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்காக விமலா ஆகஸ்டிலேயே நூல் வாங்கிவிட்டாள். மேஜை நடுவில் விரிக்க ஒரு பெரிய வட்டம், அதற்குள் எட்டு இதழ் நட்சத்திரம். இதழ் ஒவ்வொன்றும் மின்விசிறி இறக்கை போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். டம்ளர்களை மூட ஓரத்தில் சிவப்பு மணி கோத்த மூடிகள். மெழுகுவர்த்தியைச் சுற்றி வைக்க ஒரு வளையம். ஓரங்களில் தொங்கவிடக் கட்டைவிரல் அளவு பின்னல் மணிகள், ஜவ்வரிசிக் கஞ்சியில் நனைத்து விறைப்பாக்கியவை.

"அத்தை மொதல்ல பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும்க்கா. அதுக்கப்புறம் எந்தக் கையால போட்டேன்னு சொல்றேன்," என்றாள் என்னிடம்.

அவள் சொன்னதில் எனக்கு இன்னும் மறக்காதது இதுதான். அந்த ஒரு 'நல்லாருக்கு'க்காகத்தான் அவள் நான்கு மாதம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அலங்காநல்லூரில் அவள் அப்பா வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். விமலாவும் கொழுந்தனாரும் ஓடினார்கள். பண்டிகை அன்று காலையில் எனக்குப் போன் செய்தாள்.

"பீரோவுல அடித்தட்டுல துணிக்கடைப் பையில இருக்குக்கா. கஞ்சி போட்டு ரெடியா வச்சிருக்கேன். நீங்க விரிச்சுப் போட்டுருங்க. பொழுது சாயறதுக்குள்ள நான் வந்துருவேன். நானே அத்தைகிட்டச் சொல்லிக்கிறேன்."

விரித்துப் போட்டேன். ஒவ்வொரு இதழையும் நீவி, மணிகளைக் குண்டூசியால் குத்தி, வளையத்தை நடுவில் வைத்து... ஒரு மணி நேரம் பிடித்தது. நானே கொஞ்சம் பிரமித்துத்தான் நின்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மாமியாரின் சிநேகிதி வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை. பிரியாணி வருவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேஜை மேல் குனிந்தார்.

"எம்புட்டு நுணுக்கம்! யாரு போட்டது இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியாரும் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்," என்றேன்.

கவனித்தீர்களா? தமிழில் விரிப்பது போடுவதுதான், பின்னுவதும் போடுவதுதான். நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை! மேஜை மேல் அதைப் போட்டது நான்தானே? இந்தச் சந்துக்குள் நான் எத்தனை வருடம் ஒளிந்திருந்தேன் தெரியுமா... ஆனால் அவர் எதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கும்போதே தெரியும்.

ஏன் சொன்னேன்? எம்.காம். படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள் நான். 'படிச்ச மருமக' என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் அதில் ஒரு குத்தல் இருக்கும். அன்று அவர் முகத்தில் குத்தல் இல்லை. பெருமை இருந்தது. அந்த முகத்தை ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளலாம், விமலா வந்ததும் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா? எனக்கே நிச்சயமில்லை.

அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் தலைமையாசிரியை சொன்னார். "எங்க கைவேலை டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க. பொங்கல் கழிச்சு நீ வந்து சேந்துக்கிறியாம்மா? இத ஒரு தடவ கொண்டுவந்து கரஸ்பாண்டென்ட்கிட்டக் காமிச்சாப் போதும்."

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழுந்தனார் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பை மூடி அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் விமலா என்னிடம் கேட்டிருந்தாள்: "உங்க பக்கம் ஸ்கூல்ல ஆயா வேலையாச்சும் இருந்தாச் சொல்லுங்கக்கா." ஆயா வேலை கேட்டவள் அவள். அவளுடைய டீச்சர் வேலை என் தட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நான் தலையாட்டினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் விமலா வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் கசங்கிய புடவை, சிவந்த கண். செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"மூத்தவ போட்டதப் பாத்தியாத்தா? என்னா வேலப்பாடு! எனக்குத் தெரியாமயே போட்டு வச்சிருக்கா. டீச்சரம்மா கையோட வேலையே குடுத்துட்டுப் போயிட்டாக."

விமலா என்னைப் பார்த்தாள். நான் அவள் பையை வாங்கப் போவதுபோல் குனிந்தேன். அவள் மேஜைக்குப் போய் நட்சத்திரத்தின் நடுவில், முதல் முடிச்சின் மேல் ஒரு விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"நல்லாருக்குக்கா," என்றாள்.

அவள் மாமியார் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட சொல். அதை அவளே என்னிடம் சொன்னாள்... அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா? திறந்தேன். "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

பொங்கல் கழிந்து பள்ளியில் சேர்ந்தேன். தெரியாததை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டு மறுநாள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். விமலா திருமங்கலத்தில் ஒரு ரெடிமேட் கடையில் சேர்ந்தாள். காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே செய்யும் வேலை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாமியார் என்னிடம் இன்னொன்று கேட்டார், அதே மாதிரி. ராப்பகலாகப் பின்னிக் கொண்டுபோனேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏத்தா, இது ஏன் எதிர்ப்பக்கமாச் சுத்துது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது கையால் போட்டால் வட்டம் ஒரு பக்கமாகச் சுற்றிப் போகும், இடது கையால் போட்டால் மறுபக்கம். இதழ்களும் அதற்குத் தக்கபடி சாயும். எந்தக் கை போட்டது என்று அந்த நூலே சொல்லிவிடும். இதை நான் யோசிக்கவே இல்லை... கைவேலை டீச்சர்!

தண்ணீர் ஜக்கோடு பின்னால் நின்ற விமலா சொன்னாள்: "அக்கா இந்த வருசம் புது டிசைனாப் போட்டிருக்காக அத்தை."

மாமியார் ஒப்புக்கொண்டார். ஆனால் பழைய டிசைன்தான் தனக்குப் பிடித்தது என்றார். விமலா ஜக்கை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் கையில் நான் குரோஷா ஊசியைப் பார்த்ததில்லை. பின்பக்கத்து ஸ்டூலில் இப்போது சோப்புத்தூள் டப்பா உட்கார்ந்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமை மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் பின்னப் பழகினேன். நூல் நழுவும், ஊசி குத்தும், எண்ணிக்கை தவறும். அவிழ்த்து மறுபடி போடுவேன். அடுத்தடுத்த கிறிஸ்துமஸுக்கெல்லாம் மாமியாருக்குப் பிடித்த பக்கமாகச் சுற்றிய விரிப்புகளை நான் இடது கையால் போட்டுக் கொடுத்தேன். 'பழைய மாதிரியே இருக்கு' என்று அவர் மெச்சினார். எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் நானும் விமலாவும் தனியாக நின்றோம். "விமலா, அந்த மொத விரிப்பு..." என்று ஆரம்பித்தேன். "பஸ்ஸு வந்துருச்சுக்கா, ஏறுங்க," என்றாள். பஸ் வந்துதான் இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன்.

போன வருடம் என் இடது கட்டைவிரல் மடக்கினால் நிமிர மறுத்தது. டாக்டர் பட்டை கட்டி, ஊசியைத் தொடக்கூடாது என்றார். பள்ளிப் பிள்ளைகள் போட்ட சிக்கல்களை அவிழ்த்து, அவர்கள் பின்னியதைக் காட்சிக்கு வைத்து, டிசம்பர் வந்தாலே விடிந்ததிலிருந்து நூலோடு கிடந்து... எனக்கு உள்ளூர நிம்மதிதான். புதிதாக எதுவும் போடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று விமலாவே பீரோவிலிருந்து அந்த முதல் விரிப்பை எடுத்து மேஜையில் விரித்தாள். கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. நட்சத்திரம் அப்படியே இருந்தது.

சாப்பாட்டுக்கு, சொந்தத்தில் ஒரு பையனுக்குப் புதிதாகச் சம்பந்தம் பேசியிருந்த பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் டம்ளர் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே கேள்வி வந்தது.

"யாருங்க போட்டது?"

ஒன்பது வருடம். எல்லோரும் இருக்கிறார்கள். மாமியார், கணவர், கொழுந்தனார், விமலா...

"விமலா போட்டது," என்றேன்.

சொல்லிவிட்டேன்! உங்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கணம் உடம்பு லேசானது நிஜம்.

மாமியார் சிரித்தார். "இன்னைக்கி விரிச்சுப் போட்டது அவதான். பின்னிப் போட்டது எங்க மூத்த மருமக. டீச்சரா இருக்கா. அவளுக்கு எப்பவும் தன்னடக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எந்தச் சொல்லுக்குள் ஒளிந்தேனோ அதே சொல்லால் கதவைச் சாத்திவிட்டார்கள். திறக்க இன்னும் ஒரே ஒரு வாக்கியம் போதும். 'பின்னினதும் அவதான்.' நாக்கு வரைக்கும் வந்தது. வந்திருந்த அம்மாள் என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கம்மா, நான் சும்மா விரிச்சதுதான்," என்றாள் விமலா. ஜக்கை எடுத்து ஒவ்வொரு டம்ளராக ஊற்றிக்கொண்டே வந்தாள். சோத்துக்கையால். என் டம்ளருக்கும் ஊற்றினாள். இத்தனை வருடத்தில் கை பழகிவிட்டது அவளுக்கு. அந்த வெள்ளை விரிப்பில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

நான் பிரியாணியைப் பிசைந்து சாப்பிட்டேன்.

உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் அந்த மேஜையில் உட்கார்ந்தவர் இல்லை. விமலாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டியவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. மாமியாருக்கு எண்பது ஆகப்போகிறது. பள்ளியில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

விரலில் கட்டிய பட்டையைக் கழற்றிவிட்டேன். நேற்று மாமியார் போனில் கேட்டார், இந்த வருடம் என்ன போடப்போகிறாய் என்று. பார்க்கலாம் அத்தை என்றேன்.

வெள்ளை நூல் வாங்கிவைத்திருக்கிறேன்.