மச்சாளின் குரலும் வெளிநாட்டு ஹெட்போனும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் சாமான்களைத்தான் ஏசுவேன். அன்று ஏச்சு வாங்கியது என் ஹெட்போன். காதுப்பஞ்சின் தோல் உரிந்து, கழற்றும் நேரமெல்லாம் கன்னத்தில் கறுப்புச் செதில் ஒட்டிக்கொண்டது. அப்படியே அலுவலகத்துக்குப் போய்விட்டேன். பக்கத்து மேசை அக்கா, "என்னடி, அடுப்புக்குள்ள தலையை விட்டனியோ?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் "கோதாரி விழுந்த சாமான்" என்று அதைத் தூக்கி மேசையில் போட்டேன். புதிதாக ஒன்று வாங்குவதென்று அன்றே முடிவு.

எனக்குக் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர் வேலை. பின்னேரம் பஸ் பிடித்து அக்கராயனுக்கு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு லப்டொப்பைத் திறந்து பாட்டுச் செய்வேன். ஒரு சின்னக் கீபோர்ட், ஒரு மைக், இலவசமாக இறக்கிய மென்பொருள், அவ்வளவுதான் என் ஸ்ரூடியோ. யாரிடமும் படித்தது கிடையாது. படிக்கவில்லை என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும், ஆனால் எனக்கு அது ஒரு விசர். அதை விட்டால் நான் யாருடனாவது சண்டைதான் பிடிப்பேன் என்று அண்ணா சொல்லுவார்.

அந்தப் பழைய ஹெட்போன் கனடாவில் இருந்து வந்தது. சித்தப்பா சூட்கேசைத் திறந்து, சொக்கலேற்றுக்கும் சம்பூப் போத்தலுக்கும் அடியில் இருந்து அதை எடுத்துத் தந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். நல்ல பாரம். எங்கள் வீட்டில் பாரமான சாமான் என்றால் நல்ல சாமான். வெளிநாட்டில் இருந்து வந்த பாரமான சாமான் என்றால் அதற்கு மேல் கதையே இல்லை. அண்ணா கையில் வாங்கி நிறை பார்த்துவிட்டு, "இதுதானடி சாமான்" என்றார். போட்டுக் கேட்டால் மேளம் நெஞ்சுக்குள் இடித்தது. நான் அதை நம்பினேன். அப்படி நம்பினதற்கு இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போடவென்று நானே எழுதி மெட்டுப் போட்டு ஒரு பாட்டுச் செய்தேன். பாடினவர் என் மச்சாள், அண்ணாவின் மனைவி. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. அண்ணாவும் மச்சாளும் ஒன்றில், நானும் அம்மாவும் மற்றதில். மச்சாள் சட்டி பானை மினுக்கும்போது பாடுவார். கொஞ்சம் கரகரத்த, அடித்தொண்டையில் இருந்து எழும்புகிற குரல். வேலியோரம் நின்று கேட்டால் நகர மனம் வராது. சபையில் ஒருநாளும் பாடியதில்லை. "எனக்குக் கூச்சமாக் கிடக்கு, விடும்" என்று ஒரு மாதம் இழுத்தடித்தார். நானும் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி என் அறைக்குள் கொண்டுவந்து இருத்தினேன். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தி, பின்வயலில் தண்ணி இறைக்கும் மோட்டர் ஓயும்வரை காத்திருந்து, ஓய்ந்ததும் மயில் கத்தி, மயில் ஓய்ந்ததும் இன்னொரு மயில் கத்தி, இரண்டுபேரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு பதிந்தோம்.

பிறகு நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மிக்ஸ் செய்ய இருந்தேன். மேளமும் பேஸ் என்கிற அடிநாதமும் அமோகமாக இருந்தன. மச்சாளின் குரல் மட்டும் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோலக் கேட்டது. குரலின் கூர்மையைக் கொஞ்சம் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். அப்போதும் போதவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மச்சாளின் குரல் மைக்குக்குச் சரிவராத குரல் என்று முடிவுகட்டி, கூட்டக்கூடிய அளவுக்குக் கூட்டிவிட்டு முடித்தேன். ஹெட்போனில் பிழை இருக்கலாம் என்று ஒரு செக்கன்கூட நான் யோசிக்கவில்லை. அது கனடாவில் இருந்து வந்தது அல்லவா!

எங்கள் ஊரில் பாட்டு முதன்முதல் வெளிவருவது வேம்பில் கட்டிய லவுட்ஸ்பீக்கர் புனலில்தான். அதற்கு முன் யாருக்கும் போட்டுக் காட்டுகிற பழக்கம் இல்லை. பொங்கலன்று காலையில், "பாடியவர் எங்கள் ஊர் மருமகள்" என்று பெருமையாக அறிவித்துவிட்டுப் போட்டார்கள். ஐயோ! என் மேளத்தைக் காணோம். அடிநாதத்தைக் காணோம். அந்தப் புனலில் அதெல்லாம் வராது. வந்தது குரல் மட்டும், அதுவும் தகரத்தில் கத்தியால் கீறுகிற மாதிரி. 'ச' வரும் இடமெல்லாம் காதில் ஊசி ஏறியது. தண்ணீர்ப் பந்தலடியில் நின்ற பொடியள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணை, அந்தத் தகரத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோ!" என்று ஒருவன் கத்தினான். மச்சாள் பொங்கல் பானைக்கு விறகு தள்ளக் குனிந்தவர், பாட்டு முடியும்வரை நிமிரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார். "உண்மையாச் சொல்லும். என்ர குரல் அப்பிடியோ?"

"மைக்குக்கு எல்லாக் குரலும் ஒத்துவராது மச்சாள்," என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்," என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லது. அதற்குப் பிறகு அவர் பதிய வரவில்லை, நானும் கேட்கவில்லை. குரல் இல்லாத மெட்டுகளாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வருசம் கழித்து அந்த ஹெட்போன் உரியத் தொடங்கியதும் புதியது தேடப் புறப்பட்டேன். இணையத்தில் படித்துப் படித்துத் தலை கிறுகிறுத்தது. ஒருவர் இதன் சத்தம் 'சூடு' என்கிறார், இன்னொருவர் அதைவிடச் சூடானது வேணும் என்கிறார். அக்கராயனில் இருக்கிற எங்களுக்குச் சூடு காணாதா? மலிந்தது வேண்டாம் என்பது தெரியும். உயர்ந்தது என் கைக்கு எட்டாது. நடுவிலை என்று எல்லாரும் சொல்வது என் சம்பளத்தில் பெரியதொரு துண்டு, அதனால் பிழைவிட இடமில்லை.

பின்பக்கம் அடைத்தது, பின்பக்கம் வலை போட்டுத் திறந்தது என்று இரண்டு வகை உண்டு. திறந்ததில் பாட்டு விரிந்து கேட்குமாம், மிக்ஸ் செய்ய அதுதான் திறமாம். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடுவது வெளியே கசிந்து மைக்கில் விழும். எங்கள் வளவில் மோட்டரும் மயிலும் இருக்க, திறந்ததை வாங்கி நான் என்ன செய்வது? ஆகவே அடைத்தது. புளூடூத் வேண்டாம், கீபோர்டில் கீயை அமர்த்தினால் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும், தாளம் குழம்பும். லப்டொப்பில் நேரே குத்தினால் போதுமான சத்தம் வரவேண்டும், சத்தம் கூட்டுகிற அம்ப் தனியாக வாங்க வழியில்லை. காதுப்பஞ்சு துணியாக இருக்கவேண்டும், தோல் என்றால் வெக்கைக்குக் காது அவிந்துபோகும். வயரைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டு எலிகளுக்கு வயர் என்றால் உயிர். இவ்வளவும் எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு போன் கடைக்குப் போனேன். அங்கே நின்றவர் துண்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தங்கச்சி, இதின்ர பேஸைக் கேட்டுப்பாரும், சும்மா அதிரும்," என்று ஒன்றை என் தலையில் கவிழ்த்தார். அதிர்ந்தது. வாங்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் துணிப்பஞ்சு விசயம் மனதில் நின்று, "பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வவுனியாவுக்கு ரெயிலில் போனேன். அங்கே வாத்தியச் சாமான் விற்கிற கடை ஒன்று. உள்ளே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. என் துண்டை இடக்கையால் வாங்கி வாசித்தா. எழும்பிப்போய் மூன்று ஹெட்போன்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

"உங்கட போனில நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஏதும் இருந்தாப் போட்டுக் கேளுங்கோ," என்றா. "புதுப் பாட்டெண்டா மூண்டும் நல்லாத்தான் கேக்கும்."

எனக்கு நல்லாத் தெரிந்த பாட்டு எது? நான் செய்ததுதான். நூறு தரம் கேட்டது, ஒவ்வொரு அடியும் மனப்பாடம். நடுவில் இருந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பொங்கல் பாட்டைப் போட்டேன்.

லவுட்ஸ்பீக்கரில் வந்த அதே கத்தி. புனலில் பிழையில்லை, மைக்கில் பிழையில்லை. பழைய ஹெட்போன் பேஸை ஊதிக் குரலை மூடியிருக்கிறது, அதை நம்பிக் கத்தியைத் தீட்டினவள் நான். ஒரு குரலின்மேல் என்னென்ன ஏற்றி வைத்திருக்கிறேன் என்று முதல்முறையாகத் துலக்கமாகக் கேட்டது. மற்ற இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் கொஞ்சம் மெல்ல, ஒன்றில் கொஞ்சம் கடுமையாக, ஆனால் மூன்றும் ஒரே சாட்சிதான் சொல்லின. கடைக்குள் மின்விசிறி சுற்றியும் எனக்கு முகம் எரிந்தது.

கடைக்காரிக்கும் கேட்க ஆசை வந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து மாட்டிக்கொண்டா. இரண்டு வரி போனதும் முகத்தைச் சுளித்தா. "ஆர் இது மிக்ஸ் பண்ணினது? பாவம், பாடின பிள்ளையைப் போட்டு வதைச்சிருக்கிறாங்கள்."

"தெரியேல்லை. ஆரோ அனுப்பினது," என்றேன். சீ, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நடு ஹெட்போனைத்தான் வாங்கினேன். மூன்றிலும் அதுதான் எனக்கு முகஸ்துதி செய்யவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில், நான் எதையும் தொடாமல் வைத்திருந்த முதற்பதிவைத் திறந்தேன். மச்சாளின் வெறும் குரல். கரகரப்பு, அடித்தொண்டை, மூச்சு, எல்லாம் வேலியோரம் நின்று கேட்டபடியே இருந்தன. தூரத்தில் ஒரு மயில்கூட இருந்தது. நான் ஒன்றுமே செய்யாமல் அப்படியே கொடுத்திருக்கலாம். அழுதேன். அழுதுவிட்டு உடனே போய்ச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. ஒரு வருசமாகப் பிழையை அவரின் தொண்டையில் போட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போவது? திங்கள், செவ்வாய் என்று சாக்குச் சொல்லி நாலு நாள் கடத்தினேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். மச்சாள் விறாந்தையில் சேலையில் கட்டிய ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மகன், எட்டு மாதம். ஏணைக்கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த போனில் ஏதோ தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் லப்டொப்பைப் பக்கத்துக் கதிரையில் வைத்து, ஹெட்போனை நீட்டினேன்.

"என்ன புதினம்?" என்று கேட்டுக்கொண்டே மாட்டிக்கொண்டார். முதற்பதிவைப் போட்டேன். ஏணையை ஆட்டிய கை நின்றது. ஒருமுறை கேட்டார். திரும்பப் போடச்சொல்லிச் சைகை காட்டினார். முடிந்ததும் கழற்றி மடியில் வைத்தார்.

"இது நானோ?"

"நீங்கள்தான் மச்சாள். இதில நான் ஒண்டும் செய்யேல்லை. அண்டைக்குப் பிழை உங்கட குரலில இல்லை. என்ர ஹெட்போன் பிழை, அதை நம்பி உங்கட குரலைக் கெடுத்தது நான். உங்களுக்கு மைக் ஒத்துவராது எண்டு சொன்னதும் விசர்க் கதை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எப்ப தெரியும் உமக்கு?"

"சனிக்கிழமை. நாலு நாளாச் சொல்லப் பயந்துகொண்டு திரிஞ்சனான்."

"நாலு நாளை விடும்," என்றார். "எட்டு மாசம். இவன் பிறந்து எட்டு மாசமா ஒரு தாலாட்டுப் பாடேல்லை நான். தெரியுமோ உமக்கு? பிள்ளைக்கும் என்ர குரல் அப்பிடித்தானே கேக்கும் எண்டு நினைச்சனான். பயந்துபோவான் எண்டு நினைச்சு, போனைப் போட்டுப் போட்டு நித்திரையாக்கினனான்."

ஒரே வளவு, பத்தடி தூரம். சட்டி மினுக்கும் பாட்டு நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. வருசம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு மெட்டுத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மச்சாள் என்னை ஏசவில்லை. எட்டிப் போனை நிறுத்தினார். போன் நின்றதும் பிள்ளை கண்ணை விழித்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்ல, தாலாட்டின் முதல் அடியைப் பாடினார். பிள்ளை அவருடைய வாயையே பார்த்தான். இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. பிறகு உதட்டைப் பிதுக்கி, வீரிட்டு அழத் தொடங்கினான்.

"பாரும், பயந்திட்டான்," என்றார் மச்சாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவனைத் தூக்கப் போனேன். "தொடாதையும், கேட்டுப் பழகட்டும்," என்று என் கையைத் தட்டிவிட்டு, ஏணையை ஆட்டியபடி அடுத்த அடியைப் பாடினார்.